டியூப்லெஸ் டயரும் கதண்டுக் கூடும்

போன வருஷம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் நடந்தது இது. இதை எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். என் நாத்தனார்தான் விடவில்லை. "நீ எழுதலைன்னா நான் எழுதிருவேன், எனக்குக் கோர்வையா வராது, அப்புறம் நீதான் திருத்தணும்" என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் எழுதுகிறேன்.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவர். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கும் தஞ்சாவூரில் எங்கள் பக்கத்துத் தெருவுக்குமாகப் போய் வந்துகொண்டிருப்பவர். சர்க்கரை வந்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பது போரடிக்கிறது என்று சைக்கிள் வாங்கிவிட்டார். அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை, தடித்தடியாக டயர் வைத்த மவுன்டன் பைக். தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவீர்கள், பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றப் போகிறீர்களா என்று கேட்டேன். ஆற்றங்கரை மேடெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியலையா என்றார். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் தொப்பியோடு கிளம்பினால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். என் சைக்கிளில் டியூப் உண்டு. அவருடையது டியூப்லெஸ். டியூப் கிடையாது, டயருக்குள்ளே பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றிவிடுவார்கள். முள் குத்தி ஓட்டை விழுந்தால் அந்தப் பால் ஓடிவந்து ஓட்டையில் உறைந்து அடைத்துவிடும். எங்கள் பக்கத்து ஆற்றங்கரைகளில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சீமைக்கருவேல முள் படுத்தும் பாடு. நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து டியூப்பைக் கழற்றுவேன். என் பையில் மாற்று டியூப், ஒட்டுப் போடும் சாமான், பம்பு எல்லாம் இருக்கும். அண்ணி அந்தப் பைக்கு மளிகைக்கடை என்று பேர் வைத்திருந்தார். உன் டியூப்பில் இனிமேல் ஒட்டுப் போட இடம் எங்கே இருக்கிறது என்று நக்கல் வேறு. நானும் விடமாட்டேன். என் டியூப்பை எந்தக் கிராமத்து பஞ்சர் கடையிலும் சரிபண்ணலாம், உங்கள் டயர் ஒருநாள் மக்கர் பண்ணினால் எவன் கையால் ஆகும் என்பேன். சாப்பிடும்போதும் இதே பேச்சுதான். வீட்டில் வேறு விஷயமே இல்லையா என்று என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பால் நன்றாகத்தான் வேலை செய்தது. முள்ளைப் பிடுங்கியதும் புஸ் என்று கொஞ்சம் காற்று வரும், வெள்ளையாக நுரைக்கும், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் அடைத்துவிடும். என் கண்ணாலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலில் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பிறகு மகள் பிரசவத்துக்காக அண்ணி சிங்கப்பூர் போய்விட்டார். சைக்கிள் அவர் வீட்டு மாடியில் தகரக் கூரைக்கடியில் கிடந்தது. பல மாதம் கழித்துத் தை முடிந்து வந்தார். காற்றடித்துப் பார்த்தார், நின்றது. அன்றைக்கு அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. பால் காய்ந்திருக்கும் அண்ணி, நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாரே, கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஏன், சிங்கப்பூரில் வெயில் இல்லையா, அங்கேயும் இதே பாலைத்தானே ஊற்றுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கப்புறம் சில வாரங்கள் கரையில் ஓட்டினோம். அவர் டயரிலும் முள் ஏறியது, காற்று மட்டும் இறங்கவில்லை. எல்லாம் பாலின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஏறிய முள் அங்கேயே முறிந்து, அதுவே ஓட்டைக்கு மூடியாக நின்றுகொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கரைக்கு உள்பக்கம் சம்பா அறுத்த வயலில் உளுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம். கரைமேல் ஓரிடத்தில் ஒரு பெண் பாதையின் பாதியை அடைத்துத் தார்ப்பாய் விரித்து உளுந்து காயப்போட்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். நாங்கள் மணி அடித்ததும், "ஓரமாப் போங்கம்மா, உளுந்து மேல ஏத்திராதீங்க" என்றார். இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். எங்கள் தொப்பியையும் கால்சட்டையையும் பார்த்துச் சிரித்தார். அண்ணியும் சிரித்துவைத்தார்.

அவரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கரையோரம் சீமைக்கருவேல் வெட்டியிருந்தார்கள். வெட்டியதை வண்டியில் ஏற்றிப் போனவர்கள் மிச்சமீதியைப் பாதையிலேயே விட்டிருந்தார்கள். காய்ந்த சருகுக்குள் கிடந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. என் முன்சக்கரம் உடனே படுத்துவிட்டது. நான் உட்கார்ந்து டியூப் மாற்றினேன், அண்ணி பக்கத்தில் நின்று உபதேசம் செய்தார். அவர் பின்டயர் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது, ஆனால் காற்று அப்படியே நின்றது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது அதில் கை வைக்காதீர்கள் என்று சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்களிடம் இது நடக்காத காரியம். வரப்பில் நடந்து வளர்ந்த கால்கள். முள்ளைக் கண்டால் கை தானாகப் போய்ப் பிடுங்கிவிடும். அண்ணி குந்தி உட்கார்ந்து, "முள்ள வச்சுக்கிட்டு எவளாவது நடப்பாளா? இப்ப வேடிக்கையப் பாரு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். எனக்கு வித்தை காட்டுகிறாராம். முதல் முள்ளுக்குப் புஸ் என்றது. சக்கரத்தைச் சுற்றினார். நுரை வரவில்லை. அடுத்ததையும் பிடுங்கினார். இன்னும் வேகமாகச் சுற்றினார். பிடுங்கிய இடமெல்லாம் சீறியது, ஒரு சொட்டுப் பால் இல்லை. டயர் சப்பையாகித் தரையில் உட்கார்ந்தது. அண்ணி முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

கணவருக்குப் போன் பண்ணி வண்டி கொண்டுவரச் சொல்கிறேன் என்றேன். அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டார். அவன் காலம் பூராவும் சொல்லிக் காட்டுவான், வேண்டவே வேண்டாம் என்றார். சரி, என் பழைய டியூப்புக்கு ஒட்டுப் போட்டு அவர் டயருக்குள் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். டியூப்லெஸ் டயருக்குள்ளும் அவசரத்துக்கு டியூப் வைக்கலாம். வெயில் ஏறிவிட்டதால் கரைச் சரிவில் இருந்த பனைமரங்களின் நிழலுக்குச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனோம்.

டயரை ரிம்மிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. காய்ந்த பால் கோந்து மாதிரி ஒட்டிப்பிடித்திருந்தது. அண்ணி ஏறி மிதித்தார், அசையவில்லை. தண்ணீர் விட்டு நனைத்தால் இளகும் என்று நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு வயலில் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டுக்குப் போனேன். எனக்குப் பின்னால் டொம் டொம் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மொட்டைப் பனையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பனை பட்டுப்போனது, நடுவில் பொந்து இருந்தது. அதையெல்லாம் நாங்கள் கவனிக்கவில்லை.

பொந்துக்குள் கதண்டு கூடு கட்டியிருந்தது. கதண்டு என்பது எங்கள் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு வளரும் ஒரு குளவி. கூட்டமாகக் கொட்டினால் மாடே செத்துப்போகும். பனைமரத்துப் பக்கம் போனால் அண்ணாந்து பார் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்ப்பார்கள். உச்சியைத்தான் பார்க்கச் சொல்வார்கள். தலையே இல்லாத பனையில் அது இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அண்ணியின் அலறல் கேட்டது. சக்கரத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு கரையை நோக்கி ஓடினார். கையை வீச வீச அவை இன்னும் மொய்த்தன. சரிவில் கால் இடறி விழுந்தார். நான் அவரைப் பார்த்து ஓடினேன். பாதி வழியில் காதிலும் புறங்கையிலும் கொட்டியது. காய்ச்சிய கம்பியை வைத்த மாதிரி இருந்தது. எப்படித் திரும்பினேன் என்று தெரியாது, பம்புசெட்டுத் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தேன். அண்ணி, அண்ணி என்று கத்துவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே விழுந்து கிடந்தவர் உருளுவது தெரிந்தது. அவர் செத்துக்கொண்டிருக்கிறார், நான் தண்ணீரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் கரைமேல் அந்தப் பெண் ஓடி வருவது தெரிந்தது. உளுந்து காயப்போட்டிருந்தவர். தார்ப்பாயை அப்படியே உருவி இழுத்துக்கொண்டு வந்தார். உளுந்தெல்லாம் வழிநெடுகக் கொட்டியது. சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி அண்ணிமேல் தார்ப்பாயைப் போட்டு, தானும் உள்ளே புகுந்து, ஓரங்களை உள்ளிருந்தே இழுத்து மடக்கிக்கொண்டார். "கைய ஆட்டாதீங்க, அசையாமப் படுங்க, ஒண்ணும் ஆவாது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது தொட்டிவரை கேட்டது. தார்ப்பாய்க்கு மேலே கதண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தன.

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று கரைமேல் வந்தது. ஓட்டுநர் நிலைமையைப் புரிந்துகொண்டு தூரத்திலேயே நிறுத்தினார். கதண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பனைக்குத் திரும்பியதும் அவரும் கூட வந்தவரும் நனைத்த கோணியைப் போர்த்திக்கொண்டு இறங்கி, அண்ணியைத் தூக்கி வந்து வைக்கோல்மேல் போட்டார்கள். நானும் ஓடிவந்தேன். அண்ணியின் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிப்போய்விட்டன. உதடு தடித்துத் தொங்கியது. வாந்தி எடுத்தார். மூச்சு இழுத்தது. டிராக்டர்க்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணி ரோட்டு முனைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் தானாகவே சரிவேறி மேலே வந்தார். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். நெற்றியிலும் கழுத்திலும் தடித்திருந்தது. நீங்களும் ஏறுங்கள், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றேன்.

"எனக்கென்னம்மா, ரெண்டு கடிதான். உளுந்து பூரா மண்ணுல கெடக்கு, ஆடு வந்துரும். நீங்க போங்க, அவங்களப் பாருங்க" என்றார்.

ஒரு தடவைதான் கூப்பிட்டேன். டிராக்டர் கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் குனிந்து மண்ணிலிருந்து உளுந்தைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் பட்டதை விரிவாக எழுதவில்லை. விஷம் சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது. சிறுநீர் கறுப்பாக வந்தது, பிறகு வரவே இல்லை. டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது எதுவும் சொல்ல முடியாது, வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். மகள் கைக்குழந்தையோடு சிங்கப்பூரிலிருந்து ஓடி வந்தாள். சைக்கிள் வைத்துக் கேலி பேசிய என் கணவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவருக்கு அம்மா இல்லாத குறையைத் தீர்த்தவர் அண்ணிதான். நான் சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நாகூருக்கு நேர்ந்துகொண்டேன்.

அண்ணி பிழைத்தார். கண் திறந்து பேச முடிந்ததும் முதலில் கேட்டது, அந்தப் பொண்ணு எப்படி இருக்கு என்றுதான். அவருக்கு ஒன்றுமில்லை அண்ணி, ரெண்டு கடிதான், அவரே சொன்னார் என்றேன். நல்லாயிருக்கட்டும், எந்திரிச்சதும் நேரா அங்கதான் போறோம் என்றார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அதே நினைப்புதான் அவருக்கு.

இதற்கிடையில், வேறு ஊர்க்காரரான அந்த டிராக்டர்க்காரர் தன் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த சைக்கிள்களை என் கணவர் போய் எடுத்து வந்தார். அண்ணியின் டயரைக் கடைக்காரர் அறுத்துத்தான் பிரித்தார். உள்ளே பால் காய்ந்து பாலாடை மாதிரி தோலாக உரிந்தது. முறிந்த முள் முனைகள் உள்பக்கமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தன. டியூப் நல்லதா, டியூப்லெஸ் நல்லதா என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். டியூப்லெஸ் நல்லதுதான், வெயில் காலத்தில் பாலைப் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள், பால் இருக்கிறதா என்று தெரியாமல் முள்ளைப் பிடுங்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு எனக்கு ஓடுவதில்லை.

சித்திரையில் அண்ணி நடக்க ஆரம்பித்தார். ஒரு நல்ல பட்டுப்புடவை, பழம், இனிப்பு, புதுசாக ஒரு தார்ப்பாய் எல்லாம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் காரில் போனோம். கரையை ஒட்டிய ஊரில் ஒரு கடையில் நிறுத்தி, உளுந்து காயப்போட்டவர், எங்களைக் கதண்டிலிருந்து காப்பாற்றியவர் என்று அடையாளம் சொல்லிக் கேட்டோம். கடையில் நின்றவர் அண்ணியின் முகத்தையும் கையிலிருந்த பையையும் பார்த்தார். முன்னால் நடந்து வீட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண் நின்றாள். அண்ணியின் நெற்றியிலும் கன்னத்திலும் இன்னும் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கதானா அது என்று கேட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தப் பெண் உள்ளே திரும்பி, "அப்பா, அவங்க பொழச்சுட்டாங்கப்பா" என்றாள். அவள் குரல் உடைந்ததும்தான் எனக்கு என்னவோ மாதிரி ஆனது. அம்மா எங்கே என்று கேட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம்வரை உளுந்தை அள்ளிப் புடைத்து மூட்டை கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். தலை சுற்றுகிறது என்று படுத்திருக்கிறார். இருட்டியதும் வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. தலைமுடிக்குள்ளும் முதுகிலும் எவ்வளவு கொட்டியிருந்தது என்று குளிப்பாட்டும்போதுதான் பார்த்தார்களாம். இதையெல்லாம் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆட்டோவுல போவும்போதுகூடக் கேட்டுச்சுங்க. அந்த சைக்கிள் அம்மா பொழச்சாங்களா, யாரையாச்சும் விசாரிக்கச் சொல்லுடின்னு. எங்களுக்கு யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியல."

அண்ணி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் எங்கள் ஊர் பேர் சொல்லவில்லை, அந்த அம்மாவின் பேரையும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா உள்ளேயிருந்து வந்தார். எங்களை ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மகளிடம் காபி போடச் சொன்னார். அண்ணியின் உடம்பு இப்போது தேவலையா, சாப்பாடெல்லாம் இறங்குகிறதா என்று விசாரித்தார். கொண்டுபோன பையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். காபியை அண்ணி குடித்து முடித்தார். எப்படிக் குடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை, என் டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன். கிளம்பும்போது அந்தப் பெண்ணின் கையை அண்ணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் மாதம் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய் வருகிறார். என்னையும் கூப்பிடுவார். சில தடவை போகிறேன், சில தடவை ஏதாவது வேலையைச் சொல்லித் தப்பித்துவிடுகிறேன்.

அன்று கரைமேல் நின்ற நாங்கள் எல்லோரும் வைக்கோல்மேல் கிடந்தவரைத்தான் பார்த்தோம், சொந்தக் காலில் நின்று ஒன்றுமில்லை என்று சொன்னவரை யாருமே பார்க்கவில்லை. இப்போதெல்லாம் எனக்கென்று யாராவது ஓடிவந்து ஒரு கை கொடுத்துவிட்டு 'எனக்கென்ன' என்று சொன்னால், நன்றி சொல்ல எனக்கு அவசரம் வருவதில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, அவர் முகத்தை முதலில் நன்றாகப் பார்க்கிறேன்.